மூவாயிரம் நம்பர் தாள்

ஜூன் 9, ஞாயிறு

பரண் சுத்தம் செய்தேன். பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்த ரெசின் கட்டி கையில் அகப்பட்டது. இரண்டு வருடமாக யாரும் அதைத் தொடவில்லை. கீழே இறக்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பத்து கிலோவுக்குக் குறையாது.

அரசுப் பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை என்று எழுதி வைக்காவிட்டால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆகவே எழுதுகிறேன்.

பொருள்: என் மகன் பிரகதீஷும் மருமகள் சிந்துஜாவும் கல்யாணத்தன்று மாற்றிக்கொண்ட இரண்டு மாலைகள். சிந்து அவற்றை ஈரம் உறிஞ்சும் பொடியில் புதைத்துக் காயவைத்தாள். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, மாலைகளை உள்ளே வளைத்து வைத்து, ரெசின் என்ற செயற்கைப் பிசினையும் அதை இறுக வைக்கும் திரவத்தையும் கலந்து நான்கு தவணையாக ஊற்றினாள். கண்ணாடி போல வர வேண்டியது. மேடும் பள்ளமுமாக, பாலாடை படர்ந்த மாதிரி மங்கலாக இறுகிவிட்டது. தேய்த்து பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும் என்றார்கள். அதற்குள் பிரகதீஷுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். அவ்வளவுதான். கல்யாணமாகிப் பத்து மாதம்.

நோக்கம்: கட்டியைப் பளபளப்பாக்கிக் கூடத்தில் வைப்பது. வேறொன்றுமில்லை.

சிந்து பார்த்துவிட்டு, "எதுக்கு அத்தை இப்ப இதையெல்லாம்?" என்றாள்.

"சும்மா கெடக்குதே கண்ணு. கூடத்துல வெச்சா நல்லாருக்கும்."

போர்வையை உதறி மடித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிறு சம்பந்தி நாச்சிமுத்து உடுமலையிலிருந்து வந்து போனார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 10

வெந்நீரில் சோப்புக் கரைத்துக் கழுவினேன். இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதை எடுக்காமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும்.

நேற்று மாத்திரை போட மறந்துவிட்டேன். காலையில் சிந்து டப்பாவைத் திறந்து பார்த்து, "நேத்து போடலியா அத்தை?" என்றாள். நான் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து பேசினேனாம். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தென்னை நார் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் காகித வேலைகளெல்லாம் அவள் பொறுப்பு.

ஜூன் 12

தெருமுனையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் யூனுஸ் பாயிடம் கேட்டேன். நேரில் வந்து கட்டியைத் தடவிப் பார்த்தார்.

"காருக்குத் தேய்க்கிற மாதிரியேதானுங்க அக்கா. நூத்தியிருபதாம் நம்பர் தாள்ல ஆரம்பிங்க. எரநூத்தியிருபது, நானூறு, அறநூறு, ஆயிரம், ஆயிரத்தி ஐநூறு, ரெண்டாயிரம், மூவாயிரம். நம்பர் ஏற ஏறத் தாள் வழுவழுப்பாயிரும். கடேசில ரப்பிங் காம்பவுண்டு, அதான் பாலிஷ் பசை, அத வெச்சு மெஷின் ஓட்டிக்கலாம். நடுவுல ஒரு நம்பரக்கூடத் தாண்டிராதீங்க."

"தாண்டினா என்னாகும்?"

"அப்பத்திக்கு ஒன்னும் தெரியாது. பாலிஷ் போட்டு முடிச்சதுக்கப்புறம் பழைய கீறல் தெரியும். திரும்ப மொதல்லயிருந்து வரணும்."

தாள்களை அவரே வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். மூக்குக்குத் துணி கட்டச் சொன்னார்.

ஜூன் 15, சனி

இன்று ஆரம்பம். கொல்லைப்புறக் குழாயடியில் சாக்கை விரித்துக் கட்டியை வைத்தேன். மேற்பரப்பு முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட வேண்டும். மரக்கட்டையில் தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பென்சில் கோடு எங்கே மறையவில்லையோ அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். கோடு எல்லாம் மறைந்தால் தளம் சமமாகிவிட்டது. இந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் அகலம் முடிந்தது. சாறு பால் மாதிரி வெள்ளையாக வடிகிறது.

சிந்துவுக்கு அவள் அப்பாவிடமிருந்து போன். படியில் உட்கார்ந்து பேசினாள். நான் காது கொடுக்கவில்லை. பல்லடத்துப் பையனாம். காற்றாலையில் இன்ஜினியராம். பெயர் நவநீதன். முதல் கல்யாணம் ஒரு வருடத்தில் விலகிவிட்டதாம், குழந்தை இல்லை. ஆடி பிறப்பதற்குள் பேசி முடித்தால் ஆவணியில் வைத்துக்கொள்ளலாமாம். "அத்தையத் தனியா உட்டுட்டு எப்படிங்ப்பா" என்றாள் சிந்து. அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நூற்றிருபது முடிந்தது. நான்கு நாள் வேலை. வலது மூலையில் மட்டும் வட்ட வட்டமாக ஆழமான கீறல்கள் இருந்தன. ஊற்றும்போது ஏதோ உரசியிருக்கும் என்று நினைத்தேன். அங்கே மட்டும் கூடுதலாக அரை மணி நேரம் தேய்த்து எடுத்தேன். தளம் முழுக்க இப்போது ஒரே சீராக வெள்ளையாக இருக்கிறது.

ஆறு மணிக்கு சிந்து வந்தாள். பையைக்கூட வைக்காமல் குழாயடிக்கு வந்து குனிந்து பார்த்தாள். அந்த மூலையை விரலால் தொட்டாள். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன். பசி இல்லை என்றாள்.

ஜூன் 19

சிந்து பேசவில்லை. தக்காளி சாதம் கட்டிக் கொடுத்தேன். அப்படியே திரும்பி வந்தது.

ஜூன் 20

இன்று அவளாகவே சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"அந்த மூலை அவர் தேய்ச்சது அத்தை. காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள். ஊத்தறது உன்ர வேலை, தேய்க்கறது என்ர வேலைன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. அரை மணி நேரம்கூட இருக்காது. ஒடம்பு வலிக்குதுன்னு எந்திரிச்சுட்டாரு."

எனக்குத் தெரியாமல் போயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு."

"என்னன்னு சொல்றது? கீறலப் பத்திரமா வெச்சிருக்கேன்னா?" சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "உடுங்க அத்தை. உங்களுக்கும் அவர்தான. தெரிஞ்சா நீங்க தேய்ச்சிருப்பீங்க?"

அந்த வெள்ளைச் சாற்றைத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்குத் தள்ளிவிட்டது நான்தான். மடித்த துணியையே மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

சிந்து உடுமலைக்குப் போனாள். பல்லடத்துக்காரர்கள் அங்கே வருகிறார்கள். பூக்காரியிடம் நானே இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தேன். வைத்துக்கொள்ளத் தயங்கினாள். "வெச்சுக்க சாமி, ஆரு என்ன சொல்றது" என்று நானே பின்னலில் வைத்துவிட்டேன். அவள் போன பிறகு இருநூற்றிருபது ஆரம்பித்தேன். ஒருமுறை இப்படி, ஒருமுறை குறுக்காக.

ஏழு மணிக்குத் திரும்பினாள்.

"எப்படி இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தாங்க அத்தை."

அதற்கு மேல் இல்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். இந்த வீட்டில் பாட்டுக் கேட்டு இரண்டு வருடமாகிறது. குக்கர் சத்தத்தில் என்ன பாட்டு என்று பிடிபடவில்லை.

ஜூன் 27

நானூறு. நம்பர் மாறும்போது கட்டி, மரக்கட்டை, வாளி, கை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பழைய தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் புதுக் கீறல் விழுந்துவிடும்.

தண்ணீர் நிற்கும்போது உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ரோஜா இதழின் நரம்புகூடத் தெரிகிறது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. துடைத்துவிட்டுக் காயவிட்டால் மறுபடியும் வெளுத்துப் போகிறது. தினமும் நான்கைந்து முறை ஏமாந்துபோகிறேன்.

சிந்து இன்றும் முணுமுணுத்தாள். எனக்குத் தலை வலித்தது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

மாத்திரை தீர்ந்துபோய் வாங்கி வந்தேன். மழைச்சாரல்.

மதியம் பல்லடத்திலிருந்து ஒரு போன். பையனின் அம்மா, மரகதம் என்று பெயர். விசாரித்தார்கள். பேசினேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

இன்று தேய்க்கவில்லை.

ஜூலை 4

அறுநூறு. நடுவில் இரண்டு நீளக் கீறல்கள் போக மாட்டேன் என்கின்றன. நானூற்றில் அவசரப்பட்டிருக்கிறேன். திரும்பப் போனேன்.

சிந்து கடையிலிருந்து ஒரு புடவை வாங்கி வந்தாள். இலைப் பச்சை. "நல்லாருக்கா அத்தை?" என்று தோளில் போட்டுக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

சம்பந்தி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. சிந்து கோவிலுக்குப் போயிருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்களுங்க."

"ஏனாமுங்க?"

"காரணம் சொல்ல மாட்டேங்கறாங்க. ஜாதகத்தத் திரும்பப் பாத்தாங்களாம், சரி வரலியாம். மொதல்ல எட்டுப் பொருத்தம் இருக்குதுன்னு சொன்னதும் அவங்கதானுங்க. பையன் போன்லகூடப் பேச மாட்டேங்கறானாம். ஆராச்சும் என்னமோ சொல்லியிருக்கோணும். நீங்க ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

"இல்லீங்க."

காபி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அவர் போன பிறகு டம்ளரைக் கழுவும்போதுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் கிளம்பும்போதே எதிரில் வந்த சிந்துவிடம் வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டார். "செரிங்ப்பா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே வந்து அரிசி களைந்தாள்.

ஜூலை 9

சிந்து வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். பாட்டு இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆயிரம். இந்த நம்பரில் தாள் தேய்கிற சத்தமே மாறிவிடுகிறது. கரகரப்பு போய்விட்டது, பட்டுத்துணியை உருவுவது போல.

சிந்து தானாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். "ஒரு தாள் குடுங்க அத்தை" என்றாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு சொம்பில் தண்ணீர். தேய்த்துக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

"எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு அத்தை."

நான் தண்ணீர் ஊற்றினேன்.

"ரொம்ப ஒன்னும் பேசல. பத்து நிமிசம் இருக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு, உங்க அத்தை தனியா இருப்பாங்களே, மாசத்துக்கு ரெண்டு தடவ நாமளே போயிப் பாத்துட்டு வந்தரலாம்னு சொன்னாரு. நான் வாயத் தொறக்கவே இல்ல. அவராச் சொன்னாரு. அதான், செரின்னு தோணுச்சு." தாளைத் திருப்பிப் பிடித்தாள். "உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு இல்ல. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு சொல்லல."

அவள் பக்கம் என் பக்கத்தைவிடச் சீராக வந்திருந்தது. தாளைக் கொடுத்துவிட்டு, "நீங்க எதுக்கு அழுவறீங்க" என்றாள். சாறு கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

ஜூலை 15

ஆயிரத்து ஐந்நூறு. கை வலி.

ஜூலை 17

ஆடி பிறந்தது. இரண்டாயிரம்.

ஜூலை 20, சனி

மூவாயிரம். தாள் என்றே சொல்ல முடியாது, துணி மாதிரி இருக்கிறது. காலை முழுக்கத் தேய்த்தேன். காய்ந்த பிறகும் வெளுக்கவில்லை. லேசான புகைமூட்டம் மாதிரி மட்டும் இருந்தது.

மதியம் யூனுஸ் பாய் பாலிஷ் போடும் பஃபிங் மெஷினோடு வந்தார். வெள்ளைக் காம்பவுண்டை அங்கங்கே பொட்டு வைத்து மெதுவாக ஓட்டினார். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, சூடானால் ரெசின் இளகி இழுபட்டுவிடும் என்று சொல்லி என் கையில் கொடுத்தார். நான் ஓட்டும்போது ஏதோ நினைவில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். விரல் அகலத்துக்குத் தழும்பு விழுந்துவிட்டது. "பரவால்லீங்க அக்கா, எடுத்தரலாம்" என்று அந்த இடத்தை மட்டும் மறுபடி ஆயிரத்திலிருந்து தேய்த்து எடுத்தார். நாலரை மணிக்கு ஈரத்துணியால் துடைத்தார். "பாருங்க" என்றார்.

பார்த்தேன். இடையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கைவிட்டு மாலையை எடுத்துவிடலாம் போல. மல்லிகை பழுப்பேறியிருக்கிறது, ரோஜா கறுத்துவிட்டது, சம்பங்கி மட்டும் கொஞ்சம் வெள்ளை. நாரில் போட்ட முடிச்சுகூடத் தெரிகிறது. யூனுஸ் பாய் ஒயரைச் சுற்றி மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை முதல் தேதி எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஆய்வகக் குறிப்பேட்டில் தப்பான அளவை எழுதினால் பிள்ளைகளை நான் விட்டதில்லை. கோடு போட்டு அடித்துவிட்டுச் சரியாக எழுது, கையெழுத்துப் போடு என்பேன்.

பல்லடத்து மரகதம் அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "மாமியார்கிட்டயே கேட்டுட்டா மனசு தெளிவாயிரும்னு பாத்தேனுங்க. புள்ளை எப்படீங்க?" என்றார்கள். நான் சொன்னேன்: "தங்கமான புள்ளைங்க. ஆனா இன்னும் அவன மறக்கலீங்க. தூக்கத்துல எந்திரிச்சு அவன்கூடப் பேசிட்டு இருக்கும். மனசுக்கு மாத்திரை சாப்படறா. கோயம்புத்தூர் டாக்டர்கிட்ட காட்டறோமுங்க. எங்களால ஆனதப் பாத்துக்கறோம். உங்ககிட்ட மறைக்கக்கூடாது பாருங்க."

மறைக்கக்கூடாது என்றுகூடச் சொன்னேன்.

மாத்திரை சாப்பிடுவது நான். எழுந்து பேசுவது நான். சொன்னதெல்லாம் என்னைப் பற்றிய உண்மைதான். பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். போனை வைத்தபோது நிம்மதியாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

சிந்து ஆறு மணிக்கு வந்தாள். கட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் மண்டியிட்டு வெகு நேரம் இருந்தாள். "எவ்வளவு அழகா வந்திருச்சு அத்தை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன இடங்களைத் தடவிக் கொடுத்தாள்.

ஜூலை 22, திங்கள்

சிந்து வேலைக்குக் கிளம்பியதும் பல்லடம் பஸ் ஏறினேன். மரகதம் அம்மாளுக்குப் போன் செய்து வழி கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள், நேரில் சொல்கிறேன் என்றேன்.

புதிதாக வெள்ளையடித்த வீடு. வாசலில் பந்தக்கால் நட அளந்து சுண்ணாம்பில் குறி போட்டிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யுங்க. மாத்திரை சாப்படறது நானுங்க. அவ இல்ல. அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

என் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து வைத்தேன். வசந்தாமணி, அறுபத்தொரு வயது என்று என் பெயர் போட்டது. அவர்கள் அதைத் தொடவில்லை.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவளும் போயிட்டா எனக்கு ஆருமில்லீங்க."

"ஒரு வாரம் என்ர பையன் சோறு திங்கலீங்க. அந்தப் புள்ளையப் பாவம்னு பாக்காம உட்டுட்டமேன்னு என்னையத் திட்டுனான். நாந்தான், மொதக் கல்யாணம் பட்டது போதும் சாமி, தெரிஞ்சே இன்னொரு தடவ இறங்க வேண்டாம்னு காலப் புடிச்சேன்." குரல் உயரவே இல்லை. "ஆடி பிறக்கறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே காங்கேயத்துல வேற பொண்ணு பேசி முடிச்சுட்டோமுங்க. ஆவணி பத்துல கல்யாணம். காங்கேயத்துப் புள்ளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

நான் எழுந்தேன்.

"இப்பச் சொல்றது நெசம்னு எனக்கு எப்படீங்க தெரியும்?" என்றார்கள். கேட்டுவிட்டு அவர்களே தலையை ஆட்டினார்கள். "நெசந்தான். இல்லீன்னா பஸ் ஏறி வந்திருக்க மாட்டீங்க."

படி இறங்கும்போது, "வெயிலா இருக்குது, மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார்கள். நான் நிற்கவில்லை.

ஜூலை 23

சொல்லவில்லை. காலையில் சிந்துவிடம் சொல்லலாம் என்றிருந்தேன், அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாலையில் அவளுடைய சிநேகிதி வந்துவிட்டாள்.

ஜூலை 24, புதன்

சொன்னேன். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை காத்திருந்தேன். பல்லடம் போய் வந்தது, காங்கேயத்துப் பெண் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கூடத்தில் நின்றபடியே கேட்டாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்குப் பைத்தியம்னு சொன்னீங்களா அத்தை?"

"அப்படிச் சொல்லல கண்ணு..."

"வேற எப்படி?"

துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன், வாங்கவில்லை.

"அப்பா ரெண்டு வருசமாக் கூப்பிட்டாரு. நான் போகல. எங்க அம்மா ஒடம்பு முடியாமக் கெடந்தப்பகூட நாலு நாள்ல திரும்பி வந்துட்டேன், நீங்க மாத்திரை போடாம உட்ருவீங்கன்னு." அழவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. "போகாதன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை. நான் போயிருக்க மாட்டேனே."

அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். போகாதே என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்பது தப்பு என்று தெரிந்திருந்தது. இதைச் செய்வது தப்பு என்று எப்படித் தெரியாமல் போயிற்று?

அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளையே எனக்குச் சமாதானம் சொல்ல வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஜூலை 26

இரண்டு நாளாகச் சமையல் அவளே செய்கிறாள். எனக்கும் சேர்த்துத்தான். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஜூலை 28, ஞாயிறு

சம்பந்தி கார் எடுத்து வந்தார். அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. "கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கறங்கறாளுங்க" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். நானே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். சிந்து அவருக்குப் பின்னாலிருந்து தலையை அசைத்தாள். வேண்டாம் என்று. எனக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை.

இரண்டு பெட்டி, ஒரு மூட்டை. பச்சைப் புடவை கொடியிலேயே இருந்தது. எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெட்டியில் இடமில்லை என்று கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கட்டியையும் எடுத்துட்டுப் போ கண்ணு. உன்னுதுதான அது. யூனுஸ் பாயக் கூப்பிட்டா கார்ல வெச்சுக் குடுப்பாரு."

கூடத்து மேசை மேலிருந்ததைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எங்க இருக்கப்போறேன்னு எனக்கே தெரியல. அதத் தூக்கிட்டு எங்கன்னு போறது? இங்கயே இருக்கட்டும்."

அத்தை என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தது தவறு. கார் திரும்பும்வரை வாசலில் நின்றேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். யூனுஸ் பாய் பட்டறையிலிருந்து எழுந்து வந்து என் கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 6

வாரமொருமுறை மென்மையான துணியால் துடைக்க வேண்டும் என்று யூனுஸ் பாய் சொல்லியிருக்கிறார். நான் தினமும் துடைக்கிறேன். வெயில் நேராகப் பட்டால் மஞ்சளாகிவிடும் என்பதால் ஜன்னலை ஒட்டி வைக்கவில்லை. பளபளப்பு அதிகமாகிவிட்டது. குனிந்தால் முதலில் என் முகம்தான் தெரிகிறது. பூவைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 7

சம்பந்திக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "செரிங்க" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பதினொரு மணிக்கு போன். சிந்து. எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்று ஓடினேன்.

"கோயம்புத்தூர்ல வேலை கெடச்சிருக்குது. ஹாஸ்டல்ல தங்கிக்கறேன். என்ர டிகிரி சர்டிபிகேட்டு பீரோல, கீழ் டிராயர்ல, நீல பைலுக்குள்ள இருக்கும். அது வேணும்."

"நானே கொண்டாந்து குடுத்தர்றேன் கண்ணு. ஒரு மணி நேரம்தான பஸ்."

அந்தப் பக்கம் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"வேண்டாம். கூரியர்லயே போட்டு உட்ருங்க."

"செரி."

விலாசம் சொன்னாள். எழுதிக்கொண்டேன். திருப்பிப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகும் வைக்காமல் இருந்தாள். நானும் வைக்கவில்லை. நான் ஏதாவது சொன்னால் வைத்துவிடுவாள் என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"சாப்டீங்களா?" என்றாள்.

"சாப்டேன்" என்றேன்.

"செரி, வெக்கறேன்."

சர்டிபிகேட்டை எடுத்து, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, உறையில் போட்டு ஒட்டினேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. கூரியர்க்காரன் மூன்று மணி வரை வாங்குவான். மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது.

நேற்று மதியத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவளிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று எழுந்துபோய் உலை வைத்தேன்.